நகரசபைச் சிங்கம் ஸர் பிரோஸ்ஷா மேத்தா

பெரியோர் பலரை நாம் அவர்கள் வகித்த பதவிகளைக் கொண்டே நினைவில் வைத்திருக்கிறோம். மந்திரியாக இருந்தவர், சட்டசபையில் முழங்கியவர், நாட்டுக்காகச் சிறை புகுந்தவர் ஆகியோரின் பெயர்கள் நம் குழந்தைகளின் பாடப் புத்தகங்களில் இடம் பெறுகின்றன. தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர், ஆரம்பப் பள்ளி ஆகியவற்றின் பொருட்டு ஒரு நகரசபையில் அமர்ந்து, வாழ்நாள் முழுவதும் வரவு செலவுக் கணக்கை அலசிப் பார்த்த ஒருவரைப் பற்றி யாரும் காவியம் பாடுவதில்லை. ஆயினும் மனிதன் நோயின்றி, மானத்தோடு வாழ்வதற்கு வேண்டிய முதல் வசதிகள் அந்த எளிய சபைகளிலிருந்தே நம் வீட்டு வாயிலுக்கு வருகின்றன.

போரிபந்தர் என்று நம் முதியோர் அழைத்த பெரிய ரயில் நிலையத்துக்கு எதிரே, மாநகராட்சி மாளிகையின் முன்னால் ஒரு வெண்கலச் சிலை நிற்பதை நம்மவர் பலர் நாள்தோறும் கண்டிருப்பர். அலுவலகத்துக்கு விரையும் அவசரத்தில் அது யாருடைய உருவம் என்று கேட்க நமக்கு நேரம் இருப்பதில்லை. ஸர் பிரோஸ்ஷா மேத்தாவின் சிலை அது. 1890-இல் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்தவர் அவர்; வைசிராயின் சட்டசபையில் அதிகாரிகளைத் திணற வைத்தவர்; பம்பாயின் முடிசூடா மன்னர் என்று பெயர் பெற்றவர். இத்தனை பெருமைகள் இருந்தும், 1923-இல் அவருக்குச் சிலை எழுப்பிய நகரத்தார் அதற்குத் தேர்ந்த இடம் நகரசபையின் வாயிலே. அத்தேர்வில் ஆழ்ந்த பொருள் இருக்கிறது. அதை எடுத்துரைப்பதே நமது நோக்கம்.

இளமையும் கல்வியும்

பிரோஸ்ஷா 1845 ஆகஸ்ட் 4-ஆம் தேதி பம்பாயில் பிறந்தார். தந்தையார் மெர்வான்ஜி வணிகர். அவர்களுடையது பார்ஸி சமூகம். பாரசீகத்திலிருந்து தங்கள் சமயத்தைக் காத்துக்கொள்ளப் புறப்பட்டு, குஜராத்தின் கடற்கரையில் அடைக்கலம் புகுந்து, பின்னர் பிழைப்பை நாடிப் பம்பாய்க்கு வந்து சேர்ந்தோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். எண்ணிக்கையில் மிகச் சிறிய சமூகம். ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இச்செய்தி சிறப்பாக நினைவில் நிற்கவேண்டியது.

எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1864-இல் அவர் பட்டம் பெற்றார். அடுத்துச் சில மாதங்களிலேயே எம்.ஏ. தேறினார். பார்ஸிகளுள் அப்பட்டத்தை முதன்முதலாகப் பெற்றவர் அவரே. கல்லூரித் தலைவரான ஸர் அலெக்ஸாண்டர் கிராண்ட் இம்மாணவரின் திறமையைக் கண்டு, ருஸ்தம்ஜி ஜாம்ஷெட்ஜி ஜீஜிபாய் அளித்த உதவித் தொகையில் இவரைச் சட்டம் பயில இங்கிலாந்துக்கு அனுப்பப் பரிந்துரைத்தார்.

அந்த உதவி நெடுநாள் நீடிக்கவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது அந்நாட்டுப் பஞ்சு இங்கிலாந்துக்குப் போவது தடைபட்டமையால், பம்பாய்ப் பஞ்சுக்கு என்றுமில்லாத விலை ஏறியிருந்தது. அந்தச் செல்வப் பெருக்கில் நகரமே சூதாட்டக் களமாக மாறியது. 1865-இல் போர் முடிந்ததும் விலை சரிந்தது; பங்குகள் காகிதமாயின; பெருஞ்செல்வர் பலர் ஒரே நாளில் நொடித்தனர். உதவித் தொகை அளித்த வள்ளலும் அவர்களுள் ஒருவர். அந்நிய நாட்டில் பொருள் முட்டுப்பாட்டுக்கு நடுவே தம் படிப்பைத் தொடர்ந்து, லிங்கன்ஸ் இன்னில் தேறி, 1868-இல் பாரிஸ்டராகத் தாயகம் திரும்பினார் மேத்தா. லண்டனில் தங்கிய காலத்தில் தாதாபாய் நௌரோஜியின் தொடர்பு அவருக்குக் கிடைத்தது. பொது வாழ்வின் வித்து அங்கேதான் ஊன்றப்பட்டது.

எதிர்ப்பு அலையில் ஒரு தனிக் குரல்

அக்காலத்துப் பம்பாயின் நகர ஆட்சி எவ்வாறு இருந்தது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 1865-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜஸ்டிஸ் ஆஃப் பீஸ் என்னும் கௌரவப் பட்டம் பெற்றோர் கூடிய சபை ஒன்று இருந்தது. அவர்கள் அனைவரும் சர்க்கார் நியமித்தவர்கள். உண்மை அதிகாரம் முழுவதும் கமிஷனர் ஒருவரின் கையில் இருந்தது. ஆர்தர் கிராபோர்ட் என்னும் துடிப்பான ஆங்கிலேயர் அப்பதவியில் அமர்ந்தார். குப்பைக் கூளங்களை அகற்றினார், சாலைகளை அமைத்தார், 1869-இல் திறக்கப்பட்டு நெடுங்காலம் அவர் பெயராலேயே வழங்கிய பெரிய அங்காடியை எழுப்பினார். நகரம் பொலிவு பெற்றது; கஜானாவோ காலியாயிற்று. வரி கட்டுவோர் கொதித்தெழுந்தனர்.

1871-இல் பிராம்ஜி காவஸ்ஜி மண்டபத்தில் இதுபற்றி ஒரு கூட்டம் நடைபெற்றது. அப்போது மேத்தாவுக்கு வயது 26. கமிஷனரைத் தூற்றினால் கைதட்டல் கிடைக்கும் நேரம் அது. அவரோ எழுந்து நின்று, கிராபோர்ட் நகருக்குச் செய்த நன்மைகளை எடுத்துக் கூறினார். குற்றம் தனி மனிதரிடத்தில் இல்லை, கணக்குக் கேட்க ஆளில்லாத அமைப்பில்தான் இருக்கிறது என்று வாதாடினார். ஒருவருடைய அதிகாரத்தைப் பறித்துச் சர்க்கார் நியமனம் பெற்ற பலருக்குக் கொடுப்பதால் பயனில்லை. வரி கொடுப்போர் தாமே தேர்ந்தெடுத்த சபை ஒன்று வேண்டும். அச்சபைக்குப் பொறுப்புள்ள திறமையான நிர்வாகி ஒருவர் வேண்டும். கணக்கைச் சோதிக்கத் தனி ஏற்பாடு வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. கூட்டம் அவரைக் கேலிக் கூச்சலால் வரவேற்றது. ஆனால் அடுத்த ஆண்டிலேயே காலம் அவர் பக்கம் திரும்பியது.

1872-ஆம் ஆண்டுச் சட்டம் பம்பாய்க்கு 64 அங்கத்தினர் கொண்ட நகரசபையை அளித்தது. அவர்களுள் 32 பேர் வரி செலுத்துவோரால் தேர்ந்தெடுக்கப்படுவர். 16 பேரை ஜஸ்டிஸ்கள் தேர்ந்தெடுப்பர். எஞ்சிய 16 பேரைச் சர்க்கார் நியமிக்கும். பாதி இடங்களுக்கேனும் தேர்தல் வந்துவிட்டது. 1873-இல் சபைக்குள் நுழைந்த மேத்தா, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதன் உயிர்நாடியாக விளங்கினார். 1884, 1885, 1905, 1911 என நான்கு முறை அதன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இன்றைய மாநகராட்சி மாளிகைக்கு ரிப்பன் பிரபு 1884-இல் அடிக்கல் நாட்டியபோது தலைவர் நாற்காலியில் இருந்தவர் மேத்தாவே.

1888-ஆம் ஆண்டுச் சட்டம்

அவர் புரிந்த சேவைகளுள் தலையாயது 1888-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்தை உருவாக்கியதாகும். ரீ பிரபு கவர்னராக இருந்தபோது மேத்தாவும் அவருடைய நண்பர் காசிநாத் திரிம்பக் தெலாங்கும் மாகாணச் சட்டசபையில் அமர்ந்தனர். சர்க்கார் முதலில் கொண்டுவந்த மசோதா நகரசபையின் கையைக் கட்டிச் சர்க்காரின் பிடியை இறுக்குவதாக இருந்தது. நண்பர் இருவரும் அதை விதி விதியாக ஆராய்ந்து, திருத்தங்களைக் கொணர்ந்து, மசோதாவின் உருவையே மாற்றினர்.

சட்டம் நிறைவேறியபோது சபையின் அங்கத்தினர் தொகை 72 ஆயிற்று. வார்டுகளிலிருந்து வரி செலுத்துவோர் 36 பேரையும், ஜஸ்டிஸ்கள் 16 பேரையும், பல்கலைக்கழக அங்கத்தினரும் வர்த்தக சபையினரும் இரண்டிரண்டு பேரையும் அனுப்பினர். சர்க்கார் நியமனம் 16 பேரோடு நின்றது.

அதைவிடச் சிறப்பு, அச்சட்டம் வகுத்த பொறுப்புப் பங்கீடு. ஒரு கூட்டுக் குடும்பத்தை நினைத்துக் கொண்டால் இது எளிதில் விளங்கும். எதற்குச் செலவிடுவது, எவ்வளவு வரி விதிப்பது என்பதைக் குடும்பம் கூடி முடிவு செய்கிறது, அதுவே நகரசபை. மதிப்பீடுகளையும் ஒப்பந்தங்களையும் உற்று நோக்கி ஒப்புதல் தர விவரம் அறிந்த சிலர் இருக்கின்றனர். அது 12 பேர் கொண்ட நிலைக்குழு. முடிவான காரியத்தை நின்று செய்து முடிக்கும் கை ஒன்று வேண்டும்; அது கமிஷனர். கைக்கு வலிமை குறைக்கப்படவில்லை. ஆனால் அதற்குக் கட்டளையிடும் உரிமை சபையிடம் வந்தது. கழிவுநீர், துப்புரவு, குடிநீர், தெருவிளக்கு போன்றவை கட்டாயக் கடமைகள் என்றும், வேறு சில விருப்பக் கடமைகள் என்றும் சட்டம் பிரித்துக் காட்டியது. பல திருத்தங்களோடு அச்சட்டமே இன்றளவும் மும்பை மாநகராட்சியின் அடிப்படையாக இருந்து வருகிறது. தாம் மறைந்து நூறாண்டுக்குப் பின்னும் நடைமுறையில் நிற்கும் ஒரு சட்டத்தை விட்டுச் சென்றவர் எத்தனை பேர்?

அன்றாடப் பணி

சட்டம் இயற்றியதோடு மேத்தா ஓய்ந்துவிடவில்லை. வக்கீல் தொழிலில் அவருக்கு வருமானம் மிகுதி, நேரமோ குறைவு. ஆயினும் சபைக் கூட்டத்துக்கு வரும்போது வரவு செலவுத் திட்டத்தின் ஒவ்வொரு வரியையும் அறிந்தே வருவார். அதிகாரிகள் அவருடைய பேச்சு வன்மைக்கு மட்டும் அஞ்சவில்லை. எண்களைக் காட்டி அவரை ஏமாற்ற முடியாது என்பதற்கே பெரிதும் அஞ்சினர்.

எடுத்துக்காட்டாகப் போலீஸ் செலவைக் கூறலாம். நகரப் போலீஸுக்கு நகரசபை பணம் கட்ட வேண்டும். போலீஸ் மீதோ அதற்கு யாதோர் அதிகாரமும் இல்லை. இந்த அநீதியை அவர் ஆண்டுக்கணக்காக எதிர்த்துவந்தார். 1907-இல் தனிச் சட்டம் வந்தது. போலீஸ் செலவைச் சர்க்கார் ஏற்றது. அதற்கு ஈடாக ஆரம்பக் கல்வியும் மருத்துவ உதவியும் நகரசபையின் பொறுப்பாயின. லத்திக்குச் சென்ற பணம் பலகைக்கும் மருந்துக்கும் திரும்பியது என்று நாம் இதைச் சொல்லலாம்.

1896-இல் மாண்ட்வி வட்டாரத்தில் பிளேக் தோன்றியது. எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த நகரம் சில மாதங்களில் பாதி வெறிச்சோடியது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான குடியிருப்புகளே நோயின் கூடாரம் என்று கருதிய சர்க்கார், 1898-இல் நகர அபிவிருத்தி டிரஸ்டு என்னும் புதிய அமைப்பை நிறுவியது. நகரைத் திருத்த வேண்டும் என்பதில் மேத்தாவுக்கு மாறுபாடு இல்லை. ஆனால் மக்கள் பிரதிநிதிகளின் பொறுப்பில் உள்ள பணியை அவர்களுக்கு அடங்காத தனி அமைப்பிடம் கொடுப்பது முறையன்று என அவர் கண்டித்தார். நெடுங்காலம் கழித்து, 1933-இல், அந்த டிரஸ்டு நகரசபையோடு இணைக்கப்பட்டது. அவர் கொண்ட கருத்தே இறுதியில் நின்றது.

இங்கே நம் வரலாறும் வந்து கலக்கிறது. அந்த டிரஸ்டு வடக்கே வகுத்த தாதர், மாதுங்காத் திட்டங்களில்தான் அகன்ற தெருக்களும் காற்றோட்டமான வீடுகளும் எழுந்தன. அவ்வீடுகளில்தான் தென்னாட்டிலிருந்து குமாஸ்தா வேலை தேடி வந்த நம் முன்னோர் பலர் குடியேறினர். பிளேக்கின் துயரத்திலிருந்தும், அதன்பின் நடந்த வாதப் பிரதிவாதங்களிலிருந்தும் பிறந்த நிழலிலேயே நாம் வளர்ந்தோம் எனில் மிகையாகாது.

தோல்வியும் மீட்சியும்

இவ்வளவு செல்வாக்குள்ளவருக்குப் பகைவர் இல்லாமல் போவாரா? 1907-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவரை நகரசபையிலிருந்தே அகற்றிவிட ஒரு கூட்டணி முளைத்தது. அக்கவுண்டன்ட் ஜெனரல் ஹாரிசன், போலீஸ் கமிஷனர் கெல், ஆங்கில நாளிதழ் ஒன்றின் ஆசிரியரான லோவட் பிரேஸர் ஆகியோர் அதன் தூண்கள். ஜஸ்டிஸ்கள் தேர்ந்தெடுக்கும் 16 இடங்களுக்கும் அவர்கள் தங்களுடைய ஆட்களையே நிறுத்தினர். தீவிரமாக வாக்குச் சேகரித்தனர். அரசாங்க உத்தியோகத்தரே நகரத் தேர்தலில் அணி சேர்ந்து நின்ற காட்சியைப் பம்பாய் அன்று கண்டது.

முடிவு வெளிவந்தது. பதினாறு இடங்களுக்குப் பதினேழாவதாக நின்றார் மேத்தா. நகரசபையைத் தோளில் சுமந்தவர் அதன் வாயிலுக்கு வெளியே தள்ளப்பட்டார். நகரம் குமுறியது; மாதவ பாக்கில் பெருங்கூட்டம் கூடிக் கண்டனம் தெரிவித்தது. வெற்றி பெற்றவர்களுள் ஒருவர் நகரசபையோடு ஒப்பந்தத் தொடர்பு உடையவர் என்பது பின்னர் வெளிப்பட்டது. வழக்கு நடந்தது, அவர் தேர்தல் செல்லாதென நீதிமன்றம் தீர்த்தது, அடுத்த இடத்தில் இருந்த மேத்தா அங்கத்தினரானார். ஒப்பந்தக்காரர் அங்கத்தினராகக் கூடாது என்னும் அந்த விதி, அவர் தாமே முன்னின்று உருவாக்கிய சட்டத்தில் அடங்கியது என்பதை எண்ணும்போது, நல்ல சட்டம் இயற்றுவோரை அச்சட்டமே ஒருநாள் காக்கும் என்று தோன்றுகிறது.

நாட்டுப் பணி

1885-இல் தெலாங், பத்ருதீன் தயாப்ஜி ஆகியோருடன் கூடிப் பம்பாய் மாகாணச் சங்கத்தை மேத்தா நிறுவினார். அதே ஆண்டு டிசம்பரில் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸிலும் அவர் பங்குகொண்டார். அம்மகாசபையின் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் நம் ஜி. சுப்பிரமணிய ஐயர் என்பது தமிழர் பெருமைக்குரியது. 1896-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த இளைஞர் காந்தி அங்குள்ள இந்தியரின் துயரை எடுத்துரைக்கப் பம்பாயில் கூட்டம் ஏற்பாடு செய்து கொடுத்தவரும் மேத்தாவே. காந்தியடிகள் பிற்காலத்தில் அவரை இமயமலைக்கு ஒப்பிட்டதுண்டு. 1911-இல் இந்தியர் மூலதனத்தில் தோன்றிய சென்டிரல் பாங்குக்கு முதல் தலைவராக இருந்தார். 1913-இல் பம்பாய் கிரானிக்கிள் நாளிதழைத் தொடங்கி வைத்தார். 1915 நவம்பர் 5-ஆம் தேதி காலமானார்.

குறைகள் அவரிடம் இல்லாமல் இல்லை. தம் கருத்தே நிலவவேண்டும் என்னும் பிடிவாதம் மிக்கவர் என்று நண்பர்களே வருந்தினர். மிதவாதியாகிய அவர், 1907-இல் சூரத்தில் காங்கிரஸ் பிளவுபட்டபின் திலகர் முதலியோரோடு இணக்கம் காண முன்வரவில்லை. அவர் போராடிப் பெற்ற வாக்குரிமையும் வரி செலுத்தும் வசதி படைத்தோருக்கே உரியதாக இருந்தது. சாளில் ஒண்டியிருந்த ஆலைத் தொழிலாளிக்கு அதில் இடமில்லை; வயது வந்தோர் யாவருக்கும் வாக்கு என்பது நாடு விடுதலை பெற்றபின்னரே பம்பாய் நகரசபைக்கு வந்தது. ஆனால் கதவைச் சிறிதளவாவது திறந்துவைத்தவர் இருந்தமையால்தான் பின்னால் வந்தோர் அதை அகலத் திறக்க முடிந்தது.

நமக்குரிய பாடம்

மேத்தாவின் தாய்மொழி பம்பாயின் பெரும்பான்மையோர் மொழியன்று. அவருடைய சமயத்தவர் கூட்டத்தில் ஒரு கைப்பிடி. ஆயினும் அவர் பார்ஸிகளின் பிரதிநிதியாக மட்டும் சபையில் அமரவில்லை. தாகம் எடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் குழாய் வேண்டும் என்று கேட்டபோது அவர் வீட்டுக்காரரின் சாதியையும் சமயத்தையும் கேட்கவில்லை. தம் சமூகத்தின் கோயிலையும் வழக்கத்தையும் விடாமலே, ஊர் முழுவதையும் தம்முடையதாகக் கொண்டார். சிறு சமூகம் ஒன்று பெருநகரில் மதிப்போடு வாழும் வழி அதுவே.

நம் காலனிகளில் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். பொங்கல் விழா எடுக்கிறோம். நாடகமும் இசையும் வளர்க்கிறோம். இவை யாவும் வேண்டியவையே. ஆனால் நம் தெருவில் குப்பை தேங்கும்போது, குழாயில் நீர் வராதபோது, இது நம் ஊரா என்ன என்று ஒதுங்கிவிடும் மனம் நம்மிடையே இன்னும் முழுதும் மறையவில்லை. வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்க்காமல், ஊருக்குப் போகும் ரயிலுக்கு மட்டும் மறவாமல் முன்பதிவு செய்வோர் இருக்கின்றனர். முப்பது ஆண்டு ஓர் ஊரின் நீரைக் குடித்தபின்னும் அவ்வூரில் விருந்தாளியாகவே இருப்பது முறையாகுமா?

2022 மார்ச்சில் மாநகராட்சியின் பதவிக்காலம் முடிந்தபின், 227 இடங்களுக்கும் தேர்தல் நடவாமலே ஆண்டுகள் பல கழிந்தன. தேர்ந்தெடுக்கப்பட்ட சபையின்றி அதிகாரி ஒருவரே அனைத்தையும் நடத்திய அக்காலம், 1871-இல் மேத்தா எடுத்துக்காட்டிய குறையை மீண்டும் நம் கண்முன் நிறுத்தியது. அதிகாரி நல்லவராகவும் வல்லவராகவும் இருக்கலாம். ஆயினும் கணக்குக் கேட்க ஒரு சபை வேண்டும். அச்சபை பயனுறக் கணக்குக் கேட்கும் குடிமக்கள் வேண்டும்.

ஆகவே அன்பர்களே, நம் பிள்ளைகளுக்கு மேத்தாவின் கதையைச் சொல்லுவோம். நம் வார்டு எது, நம் அங்கத்தினர் யார், நாம் கட்டும் வரி எங்கே செல்கிறது என்று அவர்கள் கேட்கப் பழகட்டும். நம் சங்கத்தார் ஆண்டுக்கொருமுறை வார்டு அலுவலகத்துக்குச் சென்று நம் பகுதியின் குறைகளை எழுத்தில் கொடுப்பதும், அயலாரின் குறைகளையும் அதோடு சேர்த்துக் கொடுப்பதும் நல்ல தொடக்கமாகும். தாய்நாட்டுக்கு உயிர் கொடுக்கும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. வாழும் தெருவுக்கு ஒரு மாலைப் பொழுதைக் கொடுக்கும் வாய்ப்பு நம் ஒவ்வொருவருக்கும் உண்டு.